140 கவரும் 3647 ஊசியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு, ஆணி அதிகமானதால தள்ளிப்போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. போன வாரம் எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன், "சார், சர்வர்ல பிராசசர் மாத்துறதுன்னா கஷ்டமா?"ன்னு கேட்டான். "கஷ்டமெல்லாம் இல்லப்பா, நாலு ஸ்க்ரூ தான்"னு சொல்லிட்டேன். சொன்னப்புறம் தான் மனசு உறுத்துச்சு. அந்த நாலு ஸ்க்ரூவுக்கு முன்னாடியும் பின்னாடியும் எவ்வளவு இருக்குன்னு நான் கத்துக்கிட்ட ராத்திரி ஒண்ணு உண்டு. அதை எழுதிவச்சா அவனுக்கும் ஆச்சு, உங்களுக்கும் ஆச்சு. பொட்டி தட்டுற மக்களுக்கு மட்டும்னு நெனச்சு ஓடிடாதீங்க, கதையும் இருக்கு :-)

2022 தீபாவளி திங்கள்கிழமை வந்துச்சு, அக்டோபர் 24. அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு போன். திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி. ரெண்டு பிராசசர் போட்ட சர்வர் ஒண்ணு. மத்தியானத்துல இருந்து பத்து நிமிஷம் ஓடுது, அப்படியே நிக்குது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மறுபடி பத்து நிமிஷம். அவ்ளோதான்.

திருப்பூர் பக்கம் பழக்கம் இல்லாதவங்களுக்கு ஒரு விஷயம். அங்க பெரும்பாலும் வாரச் சம்பளம், சனிக்கிழமை தான் பட்டுவாடா. அதுவும் தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமைன்னா சம்பளத்தோட போனஸும் சேரும். அன்னிக்கு சாயங்காலமே ஊருக்கு பஸ் ஏறணும், தேனிக்கும் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும். பேங்க்ல போடுறவங்களுக்கு போட்டாச்சு. பீஸ் ரேட்ல தைக்கிறவங்க 140 பேருக்கு மட்டும் கவர் போடணும். யார் எத்தனை பீஸ் தெச்சாங்கங்கிற கணக்கு மொத்தமும் அந்த சர்வர்ல.

"தம்பி, நூத்திநாப்பது கவர் போடோணும். காலைல எட்டு மணிக்கு ஆளுங்க லைன்ல நிப்பாங்க. வந்துருவீங்களா?"ன்னு கணக்குப் பாக்குற அக்கா கேட்டாங்க. குரல்ல பதட்டம் இல்ல, அது தான் எனக்கு பயமா இருந்துச்சு.

கோயமுத்தூர்ல இருந்து பஸ். தீபாவளிக் கூட்டத்துல ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டே ஜூனியர் பையனுக்கு போன் போட்டேன். ஸ்டோர்ல ஸ்பேர் பிராசசர் இருக்கான்னு பாரு, இருந்தா எடுத்துக்கிட்டு பைக்ல வந்துருன்னு சொல்லி மாடல் நம்பரும் சொன்னேன். பஸ் சத்தத்துல என்ன சொன்னேன், அவன் காதுல என்ன விழுந்துச்சு, அது பின்னாடி வருது.

முதல் வேலை ஸ்க்ரூடிரைவர் இல்ல

ஏழு மணிக்கு உள்ள போனேன். சர்வர் ரூம்னு பேரு, கட்டிங் செக்‌ஷனுக்குப் பக்கத்துல ஒரு கண்ணாடி அறை. பனியன் கம்பெனில பஞ்சுத்தூசி இல்லாத எடமே கெடையாது, கண்ணாடிக்குள்ளயும் தான்.

எல்லாரும் "சீக்கிரம் பிரிங்க, சீக்கிரம் பிரிங்க"ன்னு நின்னாங்க. நான் பிரிக்கல. பொட்டிய ஆன் பண்ணி, அது உயிரோட இருக்குற அந்தப் பத்து நிமிஷத்துல சம்பளக் கணக்கோட டேட்டாபேஸை மட்டும் ஒரு யூஎஸ்பி டிஸ்குக்கு எடுத்தேன். வியாழக்கிழமை ராத்திரி எடுத்த பேக்கப் இருந்துச்சு, ஆனா வெள்ளிக்கிழமை போட்ட பீஸ் கணக்கு அதுல இல்ல. ஆறு நிமிஷம் ஆச்சு. அந்த ஆறு நிமிஷம் நான் மூச்சு விட்டேனான்னு ஞாபகம் இல்ல. கோளாறான மெஷின்ல எடுத்த காப்பிய அப்படியே நம்பவும் கூடாது. அதனால அக்காகிட்ட சொல்லிட்டேன், கடைசில ரெஜிஸ்டரோட ஒரு தடவ டேலி பண்ணித்தான் கவர் போடணும்னு.

அப்புறம் லாக். இந்த மாதிரி சர்வர்ல எல்லாம் பிஎம்சின்னு தனியா ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் மதர்போர்டுலயே உக்காந்திருக்கும். பெரிய கம்ப்யூட்டர் செத்தாலும் இது முழிச்சிருந்து டைரி எழுதும். டைரில திரும்பத் திரும்ப ஒரே வரி: பிராசசர் 2, இன்டர்னல் எரர்.

அப்போ பிராசசர் 2 போச்சு, மாத்திடலாம், அதானே? அதான் இல்ல. பிராசசர் சாகுறது ரொம்ப அபூர்வம். அந்தப் பக்கத்து மெமரி, அந்தப் பக்கத்து ஸ்லாட்ல இருக்குற கார்டு, சாக்கெட்ல வளைஞ்ச ஒரு ஊசி, போர்டுல கரண்ட் குடுக்குற பகுதி, எதுல கோளாறுன்னாலும் டைரில பழி பிராசசர் மேல விழலாம். ஊர்ல எது நடந்தாலும் ஒரே ஆளைச் சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி.

கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கு. ரெண்டையும் இடம் மாத்திப் போடு. கோளாறு பிராசசரோட கூடவே நகர்ந்து போச்சுன்னா குற்றவாளி பிராசசர். அதே இடத்துலயே நின்னுச்சுன்னா போர்டு பக்கம் பாரு. ஸ்பேர் வர்றதுக்கு எப்படியும் நேரமாகும், அதுக்குள்ள இதைப் பாத்துடலாம்னு முடிவு பண்ணேன். போர்டு கோளாறுன்னா கதையே வேற, கோயமுத்தூர்ல இருந்து வேற பொட்டியே கொண்டாரணும்.

பிரிக்கிறதுக்கு முன்னாடி

முறைப்படி ஷட்டவுன். அப்புறம் பவர் கேபிள். சர்வர்ல பவர் சப்ளை ரெண்டு இருக்கும், ரெண்டு கேபிளையும் கழட்டணும். பட்டன்ல ஆஃப் பண்ணாலும் உள்ள ஸ்டாண்ட்பை கரண்ட் ஓடிக்கிட்டே தான் இருக்கும், அந்த டைரி எழுதுற ஆளு அதுல தான் உயிர் வாழுறாரு. கழட்டிட்டு பவர் பட்டனை சில நொடி அமுக்கிப் பிடிச்சேன், மிச்சமிருக்கிற கரண்ட் வடியணும். போர்டுல இருக்குற குட்டி லைட் முழுசா அணையுற வரைக்கும் மூடியைத் தொடக் கூடாது.

அடுத்தது ஸ்டாட்டிக். குளிர்காலத்துல ஸ்வெட்டரைக் கழட்டினா படபடன்னு பொறி வருமே, அதே சமாச்சாரம். நம்ம கைக்கு சுருக்குன்னு தெரியணும்னா சுமார் 3000 வோல்ட் வேணும். சிப்புக்குள்ள இருக்குற சமாச்சாரம் அதுல ஒரு சின்னப் பங்குலயே அடிவாங்கும், நமக்குத் தெரியவே தெரியாது. அன்னிக்கே சாகாது, மூணு மாசம் கழிச்சு நடுராத்திரில சாகும். அதனால மணிக்கட்டுல பட்டை, அதோட வயரை சர்வரோட பெயின்ட் இல்லாத இரும்புல மாட்டணும். அந்த வயருக்குள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டர் இருக்கும், தப்பித்தவறி கரண்ட் மேல கை பட்டாலும் நாம போய்ச் சேராம இருக்க. "பட்டை காணோம்னா சாதா வயரைக் கட்டிக்கலாமா"ன்னு கேக்குற அறிவாளிகளுக்காக இதைச் சொல்றேன் :-)

ஏசி காத்து நேரா ராக் மேல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. பஞ்சுத்தூசி ஊர்ல அது ஆகாது. ஏசியை நிறுத்தி, தரையை ஈரத்துணியால தொடைக்கச் சொல்லி, பத்து நிமிஷம் கழிச்சு தான் மூடியைத் திறந்தேன்.

ஊசிக்காட்டுல ஒரு நூல்

இங்க கொஞ்சம் சரித்திரம். அந்தக் காலத்துல பிராசசர் அடியில ஊசி இருக்கும், சாக்கெட்ல ஓட்டை இருக்கும். இன்டெல் 2004ல டெஸ்க்டாப்புக்கு எல்ஜிஏ775, 2006ல ஜியானுக்கு எல்ஜிஏ771ன்னு கொண்டுவந்து அதைத் தலைகீழா மாத்திட்டாங்க. ஊசி எல்லாம் போர்டுல இருக்குற சாக்கெட்டுக்குப் போச்சு, பிராசசர் அடியில தட்டையா தங்கப்புள்ளிகள் மட்டும். விலை ஒசந்த பிராசசர் தப்பிச்சுது, போர்டு மாட்டிக்கிச்சு. ஒரு ஊசி வளைஞ்சாலும் போர்டையே மாத்துற நிலைமை வரலாம்.

இந்த சர்வர்ல இருந்தது ஜியான் சில்வர் 4114, 2017ல வந்தது. எல்ஜிஏ3647 சாக்கெட். பேர்லயே கணக்கு இருக்கு, 3647 ஊசி. இதுல இன்னொரு மாற்றமும் உண்டு. பழைய மாதிரி லீவரைத் தூக்கி பிராசசரை மட்டும் வைக்கிறது கெடையாது. பிராசசரை ஒரு பிளாஸ்டிக் சட்டத்துல மாட்டி, சட்டத்தை ஹீட்சிங்க்ல மாட்டி, மொத்தத்தையும் ஒரே மாடியூலா இறக்கி ஸ்க்ரூ போடணும். 3647 ஊசியும் சரியா அமுங்கறது அந்த ஸ்க்ரூவோட இறுக்கத்துல தான். அதான் ஹீட்சிங்க் மேல ஸ்டிக்கர்ல 1, 2, 3, 4ன்னு வரிசை போட்டிருக்கும். மாட்டும்போது அந்த வரிசை, கழட்டும்போது தலைகீழ். டி30 பிட், இந்தச் சாக்கெட்டுக்கு வழக்கமா 12 இன்ச் பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 1.4 நியூட்டன் மீட்டர். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்வா இருந்தா பொட்டி ஆன் ஆகும், ஆனா ஒரு மெமரி சேனல் காணாமப் போயிருக்கும். நீங்க மெமரியைத் திட்டிக்கிட்டு இருப்பீங்க.

கழட்டினேன். நேர் மேல தூக்கணும், சாய்க்கக் கூடாது. ரெண்டு சாக்கெட்டும் இப்போ திறந்த வாய். உள்ள எட்டிப் பாத்தேன். ரெண்டாவது சாக்கெட்ல ஓரமா ஒரு இடத்துல வெளிச்சம் வேற மாதிரி மினுங்குச்சு.

வயித்துல புளியைக் கரைச்சுது. ஏன்னா அந்த மினுங்கல் எனக்கு ஏற்கனவே பழக்கம்.

2010. வேலைக்குச் சேர்ந்த புதுசு. எல்ஜிஏ1366 போர்டு, கோயமுத்தூர்ல ஒரு கஸ்டமர் எடம். அவசரம். பிராசசரை ஒரு ஓரத்துல பிடிச்சு சாய்வா இறக்கினேன், விரல் வழுக்கி முனை உள்ள விழுந்துச்சு. பதினோரு ஊசி. ஒரு செகண்ட் கூட ஆகல. கஸ்டமர் கத்த ஆரம்பிச்சாரு. எங்க சீனியர், நாங்க எல்லாரும் அண்ணாச்சின்னு கூப்பிடுவோம், முன்னாடி வந்து "என் கை தவறிடுச்சு சார், போர்டு எங்க பொறுப்பு"ன்னு சொல்லிட்டாரு. என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல. வெளிய வந்து டீ வாங்கிக் குடுத்துட்டு ஒண்ணே ஒண்ணு சொன்னாரு. "கை நடுங்குறது தப்பில்லடே. நடுங்குற கையோட உள்ள போறது தான் தப்பு."

திருப்பூருக்கு வருவோம். வாசல்ல நிட்டிங் மெஷின் பிட்டர் அண்ணன் வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னாரு. என் மூஞ்சியைப் பாத்துட்டு "என்னங்க தம்பி?"ன்னாரு. "ஒரு ஊசி வளைஞ்சிருக்கோன்னு சந்தேகம்ணே"ன்னேன். "ஊசியா?"ன்னு ஒரு சிரிப்பு. போய் துணி செக் பண்ற மடக்கு லென்ஸ் ஒண்ணை எடுத்துக்கிட்டு வந்தாரு. ஒரு இன்ச்சுக்குள்ள எத்தனை கண்ணின்னு எண்ணுவாங்களே, அது.

"எங்க மெஷின்ல ரெண்டாயிரம் ஊசி ஓடுதுங்க. ஒண்ணு வளைஞ்சாப் போதும், துணி நெடுக ஒரு கோடு விழுந்துரும். நேராப் பாத்தா தெரியாது தம்பி. வெளிச்சத்தை சாச்சு அடிச்சு, வரிசையைப் பாக்கோணும். வரிசைல எது மொறைக்குதோ அது தான்"னாரு.

என்ன ஒரு பாடம்! செல்போன் டார்ச்சை அவர் சாச்சுப் பிடிச்சாரு, நான் லென்ஸ் வழியாப் பாத்தேன். நாத்து நட்ட வயல் மாதிரி வரிசை வரிசையா ஊசி. எல்லாம் ஒரே பக்கம் சாஞ்சு, எல்லாம் ஒரே மாதிரி மினுங்குது. அந்த ஓரத்துல... ஊசி வளையல. ஊசிக்கு மேல ஒரு பஞ்சு நூல் படுத்திருந்துச்சு. மூடியைத் திறந்த ரெண்டு நிமிஷத்துல மேல இருந்து இறங்கியிருக்கு.

வாயால ஊதலாம்னு கை... மன்னிக்கணும், வாய் போச்சு. ஊதக் கூடாது, எச்சில் ஈரம் தெறிக்கும். பிரஷ் போடக் கூடாது, ஊசியில மாட்டும். துணியால தொடைக்கிறதைப் பத்தி நெனைக்கவே கூடாது. கேமராக்காரங்க வச்சிருக்குற ரப்பர் புளோயர் பையில இருந்துச்சு. தள்ளி நின்னு ரெண்டு அமுக்கு. நூல் பறந்துச்சு. உடனே டஸ்ட் கவரை எடுத்து சாக்கெட்டை மூடினேன். அதை முன்னாடியே பண்ணியிருக்கணும். பிராசசர் வெளிய வந்த அடுத்த நிமிஷம் சாக்கெட் மேல கவர் இருக்கணும், அது தான் முறை.

குற்றவாளி யாரு

இந்த மாடியூல் முறையில ஒரு வசதி. இடம் மாத்திப் பாக்குறதுக்கு பிராசசரை ஹீட்சிங்க்ல இருந்து பிரிக்க வேண்டியதில்ல, பேஸ்ட்டைத் தொட வேண்டியதில்ல. எங்க பொட்டில ரெண்டு ஹீட்சிங்க்கும் ஒரே மாதிரி, அதனால அப்படியே தூக்கி ஒண்ணை மத்ததோட இடத்துல வச்சேன். சாக்கெட்டைச் சுத்தி இருக்குற வழிகாட்டிக் கம்பி ரெண்டும் வேற வேற தடிமன், திருப்பி வச்சா உக்காராது. உக்காரலைன்னா அமுக்கக் கூடாது. திருப்பிப் பாக்கணும்.

ஆன் பண்ணேன். எட்டு நிமிஷம். ஒன்பது. பன்னெண்டாவது நிமிஷம் நின்னுச்சு. டைரியைப் பாத்தேன்: பிராசசர் 1, இன்டர்னல் எரர்.

கோளாறு பிராசசரோட நடந்து வந்திருச்சு. அபூர்வம்னு சொன்னேனே, அந்த அபூர்வம் தீபாவளிக்கு மூணு நாள் முன்னாடி எனக்கு வாய்ச்சுது. ஆனா நிம்மதி தான். போர்டு நல்லாருக்கு, மெமரி நல்லாருக்கு, ஸ்பேர் வந்தா முடிஞ்சுது.

பத்தரைக்கு ஜூனியர் வந்தான். ஹெல்மெட்டைக் கூட கழட்டாம டப்பாவை நீட்டினான். திறந்து, பிராசசர் மேல பொறிச்சிருக்குறதைப் படிச்சேன்.

சில்வர் 4214.

நமக்கு வேண்டியது 4114. ஒரு இலக்கம் தான் வித்தியாசம். சாக்கெட் ஒண்ணு தான், 85 வாட் ஒண்ணு தான், பாத்தா ஒண்ணு தான். ஆனா 4114 பத்து கோர், 2017 தலைமுறை. 4214 பன்னெண்டு கோர், 2019 தலைமுறை. ரெண்டு பிராசசர் போட்ட பொட்டில ரெண்டும் ஒரே மாடலா இருக்கணும். இரட்டை மாட்டு வண்டில ஒரு பக்கம் காளையும் ஒரு பக்கம் குதிரையும் பூட்ட முடியாது. சரி, 4214ஐ மட்டும் தனியாப் போடலாமான்னா, அதுக்கு பயாஸ் புதுசா இருக்கணும். இந்தப் பொட்டில 2018 பயாஸ், 2019ல வந்தவனை அதுக்கு அடையாளமே தெரியாது. சம்பளத்துக்கு முந்தின ராத்திரில பயாஸ் அப்டேட் பண்ற தைரியம் எனக்கு இல்ல.

பையன் முகம் செத்துப் போச்சு. மொதலாளி பின்னாடியே நின்னுக்கிட்டு இருந்தாரு. "ஏனுங்க, மாத்திக் கொண்டுவந்துட்டாப்லயா? யாருங்க பண்ணுனது?"

பையன் வாயைத் திறக்குறதுக்குள்ள நான் சொன்னேன். "நான் தானுங்க. பஸ்ல சத்தத்துல நம்பரைத் தப்பாச் சொல்லிட்டேன்."

அது முழுப் பொய்யுமில்ல. போன்ல சொன்னதோட நிறுத்திட்டேன், மெசேஜா அனுப்பல. அவனும் திருப்பிக் கேக்கல. தப்பு எங்க நடந்துச்சுன்னு எங்க ரெண்டு பேருக்குமே தெரியாது. ஆனா 2010ல எனக்குக் கெடைச்ச அந்த ஒரு வாக்கியத்தை எங்கயாவது திருப்பிக் குடுக்க வேண்டியிருந்துச்சு.

ஒத்த மாடு

ராத்திரி பதினொண்ணு. வழி ஒண்ணு தான். நல்ல பிராசசரை மட்டும் வச்சு ஓட்டணும்.

ஓடும். ஆனா சும்மா ஓடாது. ஒத்தையா இருந்தா அது முதல் சாக்கெட்ல தான் இருக்கணும். ரெண்டாவது சாக்கெட் காலியானா அதோட சேர்ந்த மெமரியும் ஸ்லாட்டும் குருடாகிடும். இந்தத் தலைமுறையில ஒரு பிராசசருக்கு ஆறு மெமரி சேனல். எங்க பொட்டில 16 ஜிபி குச்சி பன்னெண்டு, பக்கத்துக்கு ஆறு. ஆக 192ல 96 தான் மிஞ்சும். டிஸ்க் எல்லாம் மாட்டியிருக்குற ரெய்டு கார்டு எந்தப் பக்கத்து ஸ்லாட்ல இருக்குன்னு பாத்தேன். நல்ல வேளை, முதல் பக்கம். அது ரெண்டாவது பக்கம் இருந்திருந்தா டிஸ்க்கே தெரிஞ்சிருக்காது, நான் பாட்டுக்கு டேட்டா போச்சுன்னு மாரடைச்சிருப்பேன். கூடுதலா போட்ட நெட்வொர்க் கார்டு மட்டும் ரெண்டாவது பக்கம். கேபிளை போர்டுலயே இருக்குற போர்ட்டுக்கு மாத்திக்கலாம்.

மணி பன்னெண்டரை. நல்ல மாடியூலைத் திரும்ப முதல் சாக்கெட்டுக்குக் கொண்டுபோகணும். கையில தூக்கினேன். விரல் நடுங்குச்சு. மத்தியானம் சாப்பிட்டது, ராத்திரி ஒண்ணுமில்ல, ஏசி வேற நிறுத்தினதால வேர்வை. கண்ணு முன்னாடி பதினோரு ஊசி.

கீழ வச்சேன். சாக்கெட் மேல கவரை மூடினேன். "டீ குடிச்சுட்டு வர்றேங்க"ன்னேன்.

மொதலாளி முகம் மாறுச்சு. நூத்திநாப்பது பேர் சம்பளம் நிக்குது, இவன் டீ குடிக்கப் போறான்னு தோணியிருக்கும், தப்பில்ல. அக்கா தான், "போகட்டுமுங்க, தம்பி ஏழு மணில இருந்து நின்னுட்டிருக்குது"ன்னாங்க. பிட்டர் அண்ணன் கூட வந்தாரு. கேட்டுக்கு எதிர்ல ராத்திரிக் கடை. ரெண்டு டீ, நாலு பன். பையனும் குடிச்சான், ஒண்ணும் பேசல. கடைசில மெதுவா, "சார், நீங்க சரியாத் தான் சொன்னீங்கன்னு நெனக்கிறேன்"ன்னான். "அடுத்த தடவ மெசேஜ்ல கேளு"ன்னேன். அவ்ளோதான் எங்க மீட்டிங்.

இருபது நிமிஷம். திரும்பி வந்து கையை நீட்டிப் பாத்தேன். நடுக்கம் இல்ல. லென்ஸ்ல ஒரு தடவ சாக்கெட். பட்டை மாட்டினேன். மாடியூலை ரெண்டு கையால மட்டமாப் பிடிச்சு, தடிமன் கம்பியைப் பாத்து, நேர் கீழ இறக்கினேன். அதுவா உக்காந்துச்சு. 1, 2, 3, 4. ரெண்டாவது சாக்கெட்டுக்கு டஸ்ட் கவர், அதுக்கு மேல காத்து வழி மாறாம இருக்க காத்துத் தடுப்பு. காலியான எடம் வழியாக் காத்து ஓடிட்டா மிச்சமிருக்குற பிராசசர் சூடாகிடும்.

ஆன். ஃபேன் எல்லாம் ஒரு கத்து கத்திட்டு அடங்குச்சு. திரைல ஒரு பிராசசர், 96 ஜிபி. ஆறு குச்சியும் ஆஜர். பத்து நிமிஷம். பதினஞ்சு. முப்பது. யாரும் பேசல. நாப்பத்தஞ்சாவது நிமிஷம் பிட்டர் அண்ணன் லென்ஸை மடக்கிப் பையில போட்டாரு. எனக்கு அது கைதட்டல் மாதிரி இருந்துச்சு.

வேற வேலை எல்லாத்தையும் நிறுத்தி, சம்பளக் கணக்கை மட்டும் ஓடவிட்டோம். ரெண்டு மணிக்கு அக்கா உக்காந்து ரெஜிஸ்டரோட டேலி பண்ண ஆரம்பிச்சாங்க. நான் ஸ்டூல்லயே தூங்கிட்டேன். அஞ்சு மணிக்கு பிரிண்டர் சத்தத்துல தான் முழிச்சேன். எட்டு மணிக்கு லைன். ஒரு அம்மா கவரை வாங்கி, பிரிச்சு எண்ணி, திரும்ப ஒரு தடவ எண்ணி, முந்தானைல முடிஞ்சுக்கிட்டுப் போனாங்க. அவங்களுக்கு 3647 ஊசியைப் பத்தி எதுவும் தெரிய வேண்டியதில்ல. அது தான் நல்ல வேலைக்கு அடையாளம்னு தோணுது.

ஞாயித்துக்கிழமை

சரியான 4114 பெங்களூர்ல இருந்து பஸ் பார்சல்ல வந்துச்சு. இந்தத் தடவ நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்து எழுத்தா ஒத்துப் பாத்தேன். மாடல் மட்டுமில்ல, மேல பொறிச்சிருக்குற எஸ்-ஸ்பெக் கோடையும்.

செத்த பிராசசரை ஹீட்சிங்க்ல இருந்து பிரிச்சோம். பேஸ்ட் கெட்டியாப் பிடிச்சிருக்கும், இழுக்கக் கூடாது. சட்டத்தோட ஓரத்துல இருக்குற சந்துல தட்டை ஸ்க்ரூடிரைவரை விட்டு லேசாத் திருகினா விட்டுக்குடுக்கும். ஹீட்சிங்க்ல இருந்த பழைய பேஸ்ட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தடவின, நூல் உதிராத துணியால தொடைச்சோம். பக்கத்துல யாரும் பீடி பத்த வைக்காமப் பாத்துக்கணும், பத்திக்கும். புதுப் பேஸ்ட் நாலு பொட்டு, ஒவ்வொண்ணும் 0.1 மில்லி, தள்ளித் தள்ளி. அமுங்கும்போது அதுவாப் பரவும். தோசைக்கு நெய் ஊத்துற மாதிரி ஊத்தினா வழிஞ்சு வெளிய வரும். பிராசசர் ஓரத்துல இருக்குற தங்க முக்கோணத்தையும் சட்டத்துல இருக்குற முக்கோணத்தையும் ஒண்ணாச் சேத்து மாட்டி, தங்கப்புள்ளிகள்ல விரல் படாம ஓரத்தைப் பிடிச்சு...

சாக்கெட்ல இறக்கினது நான் இல்ல. பையன் கிட்ட குடுத்தேன். "கை நடுங்குது சார்"ன்னான். "அப்போ கீழ வை. அஞ்சு நிமிஷம் கழிச்சு எடு"ன்னேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு அவனே எடுத்து, அவனே இறக்கினான். 1, 2, 3, 4.

ரெண்டு பிராசசர், 192 ஜிபி, பன்னெண்டு குச்சி. பழைய டைரியை சேமிச்சு வச்சுட்டு அழிச்சு, நாலு மணி நேரம் ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட்டினோம். சூடு ரெண்டுலயும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், டைரில ஒரு வரி இல்ல. செத்ததை ஸ்டாட்டிக் கவர்ல போட்டு, மேல "கோளாறு"ன்னு பெருசா எழுதினோம். எழுதலைன்னா ஆறு மாசம் கழிச்சு அதுவே ஸ்பேரா கெளம்பி வரும், அனுபவம் :-)

சாயங்காலம் அண்ணாச்சிக்கு போன் பண்ணேன். ரிட்டயர்டாகி ஊரோட இருக்காரு. ஒரு மணி நேரம் கதையா சொன்னேன், பஸ், நூல், லென்ஸ், 4214, டீ, எல்லாம். பொறுமையாக் கேட்டாரு. பாராட்டுவாருன்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன்.

"ஏலே, சாக்கெட்டைத் தொறந்ததும் டஸ்ட் கவர் போட்டியா?"

"...கொஞ்சம் லேட்டா போட்டேன் அண்ணாச்சி."

"அதான் நூல் விழுந்திருக்கு"ன்னு சொல்லிட்டு, தீபாவளி வாழ்த்து சொல்லி வச்சுட்டாரு.

டிஸ்கி: ஒவ்வொரு கம்பெனி சர்வர்லயும் ஸ்க்ரூ எண்ணிக்கையும் வரிசையும் மாறும். ஏஎம்டி எபிக்ல எஸ்பி3 சாக்கெட்டே வேற, 4094 ஊசி, மூணு ஸ்க்ரூ. அதனால என் பதிவைப் பாத்துப் பிரிக்காதீங்க, மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைப் பாத்துப் பிரிங்க. நீங்க யாராவது ஊசியை வளைச்ச கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, என் பதினோரு ஊசிக்கு மேல போனவங்களுக்கு டீ என் செலவு.